கரை தொடாத நாட்கள்: கப்பல் பயணத்தின் கடல் நாளுக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

கப்பல் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கிற நம்ம ஊர்க்காரர்கள் கேட்பதெல்லாம் எந்த ஊரில் இறக்கி விடுவார்கள், அங்கே என்ன பார்க்கலாம் என்பதுதான். இறங்காத நாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான்கு இரவுப் பயணத்தில் பொதுவாக ஒன்றோ இரண்டோ நாள் கப்பல் எந்தக் கரையையும் தொடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத்தான் கடல் நாள் என்கிறார்கள். அந்த நாளைச் சந்தோஷமாகக் கழிப்பதா, படுக்கையில் சுருண்டு கிடப்பதா என்பது ஏறுவதற்கு முன்னாலேயே பாதி முடிவாகிவிடுகிறது. எந்த மாதம், எந்த கேபின், பையில் என்ன என்ற மூன்றும்தான் அதை முடிவு செய்கின்றன. இந்த இழையில் அதை மட்டும் பேசுவோம்.

கடல் நாள் ஏன் வருகிறது? சென்னையில் ஏறி கொச்சிக்குப் போகிற கப்பல் ராமேஸ்வரம் பக்கமாகக் குறுக்கே போக முடியாது. பாக் நீரிணையும் ஆதம் பாலமும் ஆழமில்லாத இடங்கள். பெரிய பயணிகள் கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குக் கீழே ஏழெட்டு மீட்டர் இறங்கி இருக்கும். அதனால் இலங்கையைச் சுற்றித்தான் வர வேண்டும். வேகமும் ரொம்ப இல்லை. கப்பல் வேகத்தை 'நாட்' கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று சொல்வார்கள். 20 நாட் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். ஆனால் இரவு பகலாக நிற்காமல் ஓடுவதால் 24 மணி நேரத்தில் 480 கடல் மைல், அதாவது சுமார் 890 கிலோமீட்டர் கடந்துவிடும்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கலக்கி எடுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் காலம். பெரியவர்களை முதல்முறை அழைத்துப் போகிறவர்கள் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் போய் வந்துவிடுங்கள். சலுகை விலை ஜூலையில் வருகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

கேபின் விஷயத்தில், நடுப்பகுதியும் கீழ்த்தளமும்தான் நல்லது. ஊஞ்சல் பலகையின் நுனியில் உட்கார்வதற்கும் நடுவில் உட்கார்வதற்கும் உள்ள வித்தியாசம்தான். மீனவர்கள் அணியம் என்று சொல்கிற முன்பகுதி அலையில் ஏறி இறங்கும், பின்பகுதியும் அப்படித்தான். நடுப்பகுதி கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும்.

மற்றவர்கள் சேர்க்க வேண்டியதைச் சேருங்கள்.

---

கூடல்நகர் 67

அண்ணே, 70 வயது தாண்டியவர்களுக்கு பால்கனி அறை நல்லதா, ஜன்னல் இல்லாத உள் அறை போதுமா? விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது.

---

வைகைக்கரை

கடல் நாள் ஒன்றுதான் என்றால் உள் அறை போதும். ஆனால் உள் அறையில் விளக்கை அணைத்தால் மை இருட்டு. விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு: பெரும்பாலான கப்பல்களின் டிவியில் முன்புற கேமரா காட்சிக்கென்றே ஒரு சேனல் இருக்கும். சத்தத்தைக் குறைத்து அதை ஓடவிட்டுப் படுங்கள். வெளிச்சம் வந்தால் அறையிலும் வெளிச்சம் வரும்.

தளப் படத்தைப் பார்க்கும்போது உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற மாதிரித் தேர்ந்தெடுங்கள். மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியற்காலை நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே நடன அரங்கம் இருந்தால் நள்ளிரவு தாண்டியும் தரை அதிரும். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் இறங்கும் படுக்கைதான் கிடைக்கும். அதற்கு ஏணி ஏற வேண்டும். பெரியவர்களோடு போகும்போது நான்கு பேரை ஒரே அறையில் அடைக்க வேண்டாம்.

---

இயந்திர அறை

ஆட்டம் பற்றி வைகைக்கரை அண்ணன் சொன்னது சரி. கூடுதலாக ஒன்று.

கப்பலின் இரண்டு பக்கமும் தண்ணீருக்கு அடியில் ஸ்டெபிலைசர் என்ற துடுப்பு மாதிரியான தகடுகள் உண்டு. வேண்டும்போது வெளியே நீட்டுவார்கள், துறைமுகத்துக்குள் வரும்போது மடக்கி வைப்பார்கள். கப்பல் இடது வலதாகச் சாய்வதை இவை பெருமளவு குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை இவற்றால் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் நடுப்பகுதி கேபின் என்கிறோம்.

பலருக்குத் தெரியாத விஷயம், இந்தத் தகடு வேலை செய்ய கப்பல் ஓட வேண்டும். விமான இறக்கை மாதிரிதான். வேகம் பாதியானால் தூக்கு விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். இரண்டு இரவு 'ஆழ்கடல் பயணம்' என்று விற்கிறார்களே, அதில் கப்பலுக்குப் போய்ச் சேர ஊர் கிடையாது. எரிபொருளை மிச்சம் பிடிக்க 6, 7 நாட் வேகத்தில் மெல்ல வட்டமடித்துத் திரும்பும்போது, அலை அதே அலையாக இருந்தாலும் ஆட்டம் அதிகமாகத் தெரியும். குறுகிய பயணம், குமட்டல் வராது என்று மாத்திரை இல்லாமல் ஏறுவது தப்பு.

மனித உடம்பை அதிகம் குமட்ட வைப்பது சுமார் 5 நொடிக்கு ஒரு தடவை மேலும் கீழும் போகிற மெதுவான அசைவு. சின்னச் சின்ன அதிர்வு அவ்வளவு தொந்தரவு செய்யாது. இஞ்சின் அதிர்வைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

---

பசுமலைக்காரர்

மருந்துக்கடை அனுபவத்தில் சொல்கிறேன். டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று ஓரளவு முன்கூட்டியே தெரியும். கொடைக்கானல் பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிறவர்கள் கட்டாயம் மாத்திரையோடு ஏற வேண்டும். காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, கண் 'சுவர் அசையவில்லை' என்கிறது. அந்த முரண்பாடுதான் குமட்டல்.

நம்ம கடைகளில் அதிகம் போவது அவோமின், 25 மில்லிகிராம். எல்லோரும் செய்கிற தப்பு, குமட்ட ஆரம்பித்த பிறகு போடுவது. அப்போது இரைப்பை வேலையை மெதுவாக்கிவிடும், மாத்திரை உறிஞ்சப்படாது, வாந்தியோடு வெளியேயும் வந்துவிடும். கிளம்புவதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்னால் போட வேண்டும். நீண்ட பயணம் என்றால் முதல் நாள் இரவு படுக்கும்போதே ஒன்று. கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது என்றால் 3 மணிக்கே உள்ளே போயிருக்க வேண்டும்.

எச்சரிக்கைகள்: தூக்கம் வரும், மது கூடவே கூடாது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொந்தரவால் சிறுநீர் தடைப்படுபவர்கள் கேட்காமல் போடக் கூடாது. முதியவர்களுக்கு இந்த வகை மாத்திரை மயக்கமும் குழப்பமும் தரும். ஆடும் தரையில் விழுந்தால் இடுப்பு எலும்புதான் போகும். ஊரில் வீட்டில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பார்த்து உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இன்னொரு மருந்தான சின்னரிசின், பார்க்கின்சன் நோய் இருப்பவர்களுக்கு நடுக்கத்தை மோசமாக்கும். அவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

மருந்தில்லாமல் ஓரளவு தாங்க: நடுத்தளத்துக்குப் போய் வெளியே நின்று தொடுவானத்தைப் பாருங்கள். போனைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. உப்பு பிஸ்கெட், பச்சை ஆப்பிள் கப்பலிலேயே கொடுப்பார்கள். நம்ம இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட் எடுத்துப் போவது வீண் போகாது.

---

சிம்மக்கல் ரவுண்டானா

சர்க்கரை நோயாளிகளுக்கு? இன்சுலின் குளிர்பெட்டி கேபினில் இருக்குமா சார்?

---

பசுமலைக்காரர்

இருக்கும், ஆனால் அதை நம்ப வேண்டாம். பல கப்பல்களில் அது பானங்களைச் சில்லென்று வைக்கிற பெட்டி மட்டும்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் நிலையாக நிற்காது. ஓரிடத்தில் உறைந்தும் போகலாம். உறைந்த இன்சுலின் வீண். இப்போது உபயோகத்தில் இருக்கிற பேனா ஏசி அறை வெப்பத்தில் நான்கு வாரம் தாங்கும் வகையா என்று பெட்டியில் பாருங்கள். பெரும்பாலானவை தாங்கும். பிரிக்காததைக் கப்பல் மருத்துவமனையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசியைப் போடுவதற்கு மூடிய பிளாஸ்டிக் டப்பாவும் அங்கேயே கேட்டால் தருவார்கள். குப்பைக்கூடையில் ஊசியைப் போட்டால் கேபின் சுத்தம் செய்கிற பையனின் கையில் குத்தும்.

எல்லா மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். துறைமுகத்தில் ஒப்படைக்கிற பெட்டி கேபின் வாசலுக்கு வந்து சேர ராத்திரி ஆகிவிடும். மருந்துச் சீட்டும் கூடவே.

அப்புறம் நேரம். கிழக்கே சிங்கப்பூர் பக்கம் போகும் பயணத்தில் கப்பல் கடிகாரத்தை இரவோடு இரவாக மாற்றுவார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். எந்த நாள் எவ்வளவு நகர்த்துகிறார்கள் என்று அறைக்கு வரும் தினசரித் தாளில் போடுவார்கள். ஊசி நேரத்தை அதற்குத் தகுந்தபடி டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கப்பலில் டாக்டர், நர்ஸ் உண்டு. கட்டணம் தனி, அதிகம். கடல் நாளில் மாரடைப்பு வந்தால் ஹெலிகாப்டர் எட்டும் தூரத்தில் கரை இருக்க வேண்டும், இல்லையென்றால் கப்பல் திரும்பி ஓட வேண்டும். கப்பல் பயணத்தையும் அவசர மீட்பையும் சேர்த்துக் காப்பீடு எடுக்காமல் இதயநோய் உள்ளவர்களை ஏற்ற வேண்டாம்.

---

மேலமாசி அக்கா

பெண்களும் பெரியவர்களும் கேட்கத் தயங்குகிற ஒன்றைச் சொல்கிறேன். கழிவறை.

பல கப்பல்களில் கழுவிக்கொள்ளும் குழாய் இருக்காது, பேப்பர்தான். இந்தியப் பயணிகளுக்கென்றே ஓடுகிற கப்பலில் இருக்கலாம், முன்பதிவிலேயே கேளுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் குவளை ஒன்று, அல்லது அழுத்தினால் பீய்ச்சும் பாட்டில் ஒன்று, எடை 100 கிராம் கூட வராது. குளியலறை முழுக்க ஈரமாக்கிப் பழகிய கை நமக்கு. அங்கே ஷவருக்கு மட்டும்தான் தனி வடிகால் சரியாக இருக்கும். திரையை உள்பக்கமாகப் போட்டுக்கொண்டு குளிக்கச் சொல்லுங்கள், வெளிப்பக்கம் விட்டால் தண்ணீர் கேபின் கம்பளம் வரை போய்விடும்.

குளியலறை வாசலில் ஒரு ஜாண் உயரத்துக்குப் படி மாதிரித் தடுப்பு இருக்கும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகும்போது தடுக்குவது அங்கேதான். பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றை அதன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலைந்து எடுத்துப் போங்கள். துண்டு, வேட்டி, மாத்திரைப் பை எல்லாம் தொங்கவிடலாம். பால்கனிக் கம்பியில் சேலையை உலர்த்தாதீர்கள். காற்று பிடுங்கிக் கொண்டு போய்க் கீழ்த்தள பால்கனியில் போட்டுவிடும், அது தீ ஆபத்தும் கூட.

---

இயந்திர அறை

அக்கா சொன்ன கழிவறைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அது வெற்றிடத்தில் வேலை செய்கிற கழிவறை. குழாய்களில் காற்றழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைத்திருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் வால்வு திறந்து 'படார்' என்று உறிஞ்சும். ஒரு தடவைக்கு 1 லிட்டர் சொச்சம் தண்ணீர்தான். வீட்டுத் தொட்டி 6 முதல் 10 லிட்டர் எடுக்கும். அந்தச் சத்தத்துக்குக் குழந்தைகள் பயப்படும். மூடியை மூடிவிட்டு அழுத்துங்கள்.

பல கேபின்களுக்குச் சேர்ந்து ஒரே குழாய். யாரோ ஒருவர் ஈரத் துடைப்பான், நாப்கின், பஞ்சு, மீந்த சாப்பாடு எதையாவது போட்டால் அந்த வரிசைக்கே வெற்றிடம் போய்விடும், இருபது முப்பது அறைகளில் பொத்தான் அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஈரத் துடைப்பான் கரையாது. குழாய் வளைவில் சிக்கி, அதன் மேல் பேப்பர் சேர்ந்து உருண்டையாகும். கழற்றி எடுப்பதற்கு சில மணி நேரம் ஆகும். வேலை செய்யவில்லை என்றால் திரும்பத் திரும்ப அழுத்தாமல் உடனே போனில் சொல்லுங்கள்.

குடிதண்ணீர் பற்றிக் கேட்பார்கள். இஞ்சினின் வீண் வெப்பத்தில் கடல்நீரை ஆவியாக்கியும், சவ்வு வழியாக அழுத்தி வடித்தும் கப்பலிலேயே தயாரிக்கிறார்கள். பிறகு தாது உப்பு சேர்த்து, குளோரின் போட்டு அனுப்புவார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். ருசி சப்பென்று இருக்கும், அது கெடுதல் இல்லை. துறைமுகத்துக்கு அருகில் அழுக்குத் தண்ணீர் என்பதால் அங்கே தயாரிப்பை நிறுத்திவிடுவார்கள். ஆக, கடல் நாள்தான் தொட்டிகள் நிரம்பும் நாள்.

---

கூடல்நகர் 67

கெட்டில், இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டு போகலாமா? அப்பாவுக்கு ராத்திரி கஞ்சி வேண்டும்.

---

இயந்திர அறை

மூன்றும் கூடாது தம்பி. ஸ்கேனரில் பிடித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள், கடைசி நாள் திருப்பித் தருவார்கள்.

கெட்டிலும் இஸ்திரியும் ஏன் கூடாது என்பது புரியும்: கப்பலில் மிகப் பெரிய பயம் தீதான். தண்ணீர் சூழ்ந்த இடம், ஓட இடமில்லை. எக்ஸ்டென்ஷன் விஷயம் கொஞ்சம் நுணுக்கம். வீட்டில் நியூட்ரல் கம்பி தரையோடு கட்டப்பட்டிருக்கும். பல கப்பல்களில் அப்படிக் கிடையாது, இரண்டு கம்பியிலும் மின்சாரம் இருக்கும். மின் ஏற்றத்தாழ்வைத் தடுக்கும் பாகம் வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி, கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு சின்ன வில்லையை வைத்திருக்கிறது. கப்பலில் வேறு எங்கோ எர்த் பழுது வந்தால் அந்த வில்லை தாங்காமல் சூடாகி எரியும், நீங்கள் எதுவும் செருகாமல் இருந்தாலும் சரி. யூஎஸ்பி சார்ஜர் பல முனை உள்ளதாக ஒன்று கொண்டு போங்கள், அது போதும். சாக்கெட் அமெரிக்க வகை 110 வோல்ட்டா ஐரோப்பிய வகை 220 வோல்ட்டா என்று கப்பலுக்குக் கப்பல் மாறும். பன்னாட்டு அடாப்டர் தேவை.

வெந்நீர் பஃபே தளத்தில் எந்நேரமும் கிடைக்கும். நல்ல ஃபிளாஸ்க் ஒன்று போதும். சத்துமாவு, அரிசிப்பொரி மாவு எல்லாம் கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட்டாக இருக்கட்டும். வீட்டில் செய்த சாப்பாட்டை ஏற்ற விடமாட்டார்கள்.

---

தெப்பக்குளம் மாணவி

விளக்கு ஏற்றுவது, ஊதுபத்தி? எங்கள் பாட்டி விடாமல் கேட்பார்கள்.

---

வைகைக்கரை

கற்பூரம், ஊதுபத்தி, அகல் எதுவும் கூடாதும்மா. புகை உணரி அறைக்கு அறை இருக்கிறது. அடித்தால் அணைப்பு ஆட்கள் கேபினுக்கு ஓடி வருவார்கள். பேட்டரி விளக்கு வைத்துக் கும்பிடச் சொல்லுங்கள். மல்லிகைப்பூ முதல் நாளுக்கு மட்டும் போதும். வெளிநாட்டில் இறங்கும்போது பூ, பழம், விதை எதையும் கையில் எடுத்துப் போகக்கூடாது, கப்பலிலேயே விட்டுவிட வேண்டும்.

பாட்டிக்குக் கிழக்கு எது என்று தெரிய வேண்டும், தொழுகிறவர்களுக்குக் கிப்லா, அதாவது மெக்கா இருக்கும் திசை, தெரிய வேண்டும். போனில் இருக்கிற திசைகாட்டியைக் கேபினுக்குள் நம்பாதீர்கள். சுற்றிலும் இரும்பு, முள் ஏறுமாறாகக் காட்டும். டிவியில் வரைபடச் சேனலில் கப்பல் எத்தனை டிகிரியில் போகிறது என்று போட்டிருக்கும். உதாரணத்துக்கு 180 என்றால் கப்பல் தெற்கே போகிறது, அப்போது இடப்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் மேற்கு. கப்பல் திரும்பினால் இதுவும் மாறும், ஒவ்வொரு வேளையும் பார்க்க வேண்டும்.

---

சமையற்கட்டு

சாப்பாடு பற்றி யாரும் இன்னும் பேசவில்லை.

சைவம், ஜைன உணவு, பூண்டு வெங்காயம் வேண்டாம் என்பதையெல்லாம் முன்பதிவின்போதே எழுத்தில் கொடுங்கள். ஏறின பிறகு கேட்டால் முதல் நாள் கிடைப்பது கஷ்டம். மளிகை முழுவதும் துறைமுகத்திலேயே ஏறிவிடும், கடல் நாளில் கடைக்கு ஆள் அனுப்ப முடியாது.

இட்லி தோசை ஏன் வீட்டு மாதிரி இல்லை என்று கேட்பார்கள். இரண்டு காரணம். மாவு புளிக்க மதுரை வெயிலில் ஏழெட்டு மணி நேரம் வெளியே வைத்தால் போதும். கப்பல் சமையலறை விதிப்படி, கெடக்கூடிய உணவு 5 டிகிரிக்குக் கீழேயோ 57 டிகிரிக்கு மேலேயோ இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் நான்கு மணி நேரம் போனால் தூக்கி எறிய வேண்டும். புளிக்க வைப்பதற்கு அந்த இடைப்பட்ட சூடுதான் வேண்டும். அதற்கென்று தனி முறை எழுதி, பதிவேடு வைத்து, அனுமதியோடு செய்கிற கப்பலில்தான் நிஜமான இட்லி கிடைக்கும். மற்றதில் உடனடி மாவுதான், அமுக்கினால் ரப்பர் மாதிரி இருக்கும்.

இரண்டாவது, கப்பலில் திறந்த நெருப்பு கிடையாது. எல்லாம் மின்சாரத் தகடு, சுற்றிலும் பாத்திரம் வழுக்காமல் இருக்கக் கம்பித் தடுப்பு. கப்பல் சாயும்போது கல்லில் ஊற்றிய மாவு ஒரு பக்கமாக வழியும். பார்த்தால் தெரியும்: தோசையின் ஒரு விளிம்பு காகிதம் மாதிரி முறுகி, எதிர் விளிம்பு ஊத்தப்பம் மாதிரித் தடித்து வெளுத்திருக்கும். ஆட்டம் உள்ள நாளில் தோசை மாஸ்டர் கரண்டியைச் சுற்றும் வேகத்தைக் கூட்டி, மாவைக் கெட்டியாக்கி, சின்னதாக ஊற்றுவார். அன்றைக்கு 'பெரிய தோசை' கேட்காதீர்கள்.

கடல் நாளில் எல்லோரும் கப்பலிலேயே இருப்பதால் காலை 9 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் பஃபேயில் நெரிசல். 7 மணிக்கும் 12 மணிக்கும் போனால் நிதானமாகச் சாப்பிடலாம். மேசையில் உட்கார வைத்துப் பரிமாறும் உணவகம் காலையிலும் திறந்திருக்கும், பலர் அதை மறந்து பஃபே வரிசையில் நிற்பார்கள். பெரியவர்களை அங்கே அழைத்துப் போங்கள்.

கை கழுவுவது. வாசலில் கிருமிநாசினி ஜெல் வைத்திருப்பார்கள். கப்பலில் வயிற்றுப்போக்கு பரப்புகிற நோரோ வைரஸ் அந்த ஜெல்லுக்குச் சரியாகச் சாகாது. சோப்பு போட்டு 20 நொடி தேய்த்து ஓடும் தண்ணீரில் கழுவினால்தான் போகும். சாப்பாட்டுக் கரண்டியை ஆயிரம் பேர் தொடுகிறார்கள், அதைத் தொட்ட கையாலேயே நாம் பிசைந்து சாப்பிடுகிறோம். உணவு எடுத்து முடித்து, தட்டை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி போய்க் கை கழுவிவிட்டு உட்காருங்கள். கையால் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது கழுவல் மிக முக்கியம். வயிற்றுப்போக்கு வந்தால் மறைக்காமல் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள், அது மற்ற பயணிகளுக்காக.

---

சிம்மக்கல் ரவுண்டானா

பகல் முழுவதும் என்னதான் செய்வது? அப்பாவுக்கு நீச்சல், பாட்டு, சூதாட்டம் எதிலும் நாட்டம் இல்லை.

---

வைகைக்கரை

காலையில் சூரியன் உதிக்கும் முன் மேல்தளத்துக்கு அழைத்துப் போங்கள். ஆனால் காற்றுக் கணக்கு தெரிந்துகொண்டு போங்கள். கப்பல் 20 நாட்டில் போகிறது, எதிர்க்காற்று 15 நாட் என்றால் முகத்தில் அடிப்பது 35 நாட், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டச் சொல்லுங்கள் அல்லது பேன்ட். சேலை முந்தானைக்கு ஊக்கு. கண்ணாடிக்குக் கயிறு. வெளிக்கதவு கனமானது, காற்று அறைந்தால் விரல் போய்விடும். கைப்பிடியை மட்டும் பிடிக்க வேண்டும், நிலையில் கை வைக்கக் கூடாது. பால்கனி அறையில் வாசல் கதவையும் பால்கனிக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்தாலும் இதே கதைதான். குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பு ஈர மரத்தளத்தில் வழுக்கும், பின்வார் உள்ள செருப்பு நல்லது.

நடைப்பயிற்சிக்கென்று ஒரு தளத்தில் சுற்றுப்பாதை இருக்கும். எத்தனை சுற்று ஒரு கிலோமீட்டர் அல்லது மைல் என்று பலகையில் எழுதியிருப்பார்கள்.

மதியம் 12 மணி வாக்கில் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசுவார்: இருக்கும் இடம், வேகம், ஆழம், காற்று. பலர் காதில் வாங்குவதில்லை, ஆனால் அன்றைய மாலையை அதிலிருந்தே திட்டமிடலாம். காற்றின் வேகத்தை எண்ணால் சொல்கிற பியூஃபோர்ட் அளவில் 4 என்றால் காற்று 11 முதல் 16 நாட், சுகமான கடல். 6 என்றால் 22 முதல் 27 நாட், எங்கு பார்த்தாலும் வெள்ளை நுரை, 3 மீட்டர் அளவில் அலை. 6 என்று கேட்டால் பெரியவர்களுக்கு மாத்திரையைப் போட்டு, மாலைக் காட்சிக்கு அரங்கத்தின் பின்வரிசையில் உட்கார வையுங்கள். அரங்கம் பெரும்பாலும் முன்பகுதியில் இருக்கும், அங்கே ஆட்டம் அதிகம். பின்வரிசை கப்பலின் நடுவுக்குக் கிட்டே வரும். அன்று குளத்துத் தண்ணீரும் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு மோதித் தெறிக்கும். வலை போட்டு மூடிவிடுவார்கள்.

கண்ணுக்குக் கரை தெரியாததால் ரொம்பத் தூரம் வந்துவிட்டோம் என்று சிலருக்குப் பயம் வரும். 30 மீட்டர் உயரத் தளத்திலிருந்து தொடுவானம் சுமார் 20 கிலோமீட்டர்தான். மதுரையிலிருந்து திருமங்கலம் தூரம். அதற்கு அந்தப் பக்கமே ஊர் இருக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், முகம் தெளியும்.

பறக்கும் மீனைப் பார்க்க மேல்தளம் வேண்டாம். கீழ்த்தளத்து வெளிநடையில் முன்பக்கமாக நின்று, கப்பல் பிளக்கும் நுரைக்குச் சற்று வெளியே பாருங்கள். வெள்ளிக்காசு சிதறின மாதிரிக் கூட்டமாகக் கிளம்பி, அலைக்கு மேலேயே சறுக்கிப் போய் விழும். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

---

தெப்பக்குளம் மாணவி

போன்?

---

மேலமாசி அக்கா

கப்பல் கிளம்பும் முன்பே ஏர்ப்ளேன் மோடில் போட்டுவிடும்மா. கரை மறைந்ததும் கப்பலின் சொந்த செல்போன் கோபுரம் தானாகப் பிடித்துக்கொள்ளும். அது வழக்கமான ரோமிங் பேக்கில் சேராது, பில் ஆயிரக்கணக்கில் வரும். வேண்டுமென்றால் கப்பல் வைஃபையைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, ஏர்ப்ளேன் மோடிலேயே வாட்ஸ்அப் பேசலாம். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு திசையில் போய்விடுவார்கள், அதனால் காலையிலேயே சந்திக்கும் இடமும் நேரமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் சட்டைப்பையில் கேபின் எண் எழுதிய துண்டுச்சீட்டு இருக்கட்டும். நீளமான நடைபாதை, எல்லாக் கதவும் ஒரே மாதிரி. கதவில் காந்தத்தால் ஒரு படம் ஒட்டி வைத்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

---

இயந்திர அறை

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதன் பிறகு உலக விதி மாறியது: கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். தூக்கம், களைப்பு என்று பெரியவர்களை அறையில் விடாதீர்கள். ஏழு குட்டைச் சங்கும் ஒரு நெடுஞ்சங்கும் கேட்டால் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். இடத்தின் எழுத்து அறைச் சாவி அட்டையிலேயே இருக்கும். அப்போது லிப்ட் கூடாது. ஒரு தடவை படி வழியாக நடந்து பார்த்து வையுங்கள். நடக்க முடியாதவர் இருந்தால் முதல் நாளே வரவேற்பு மேசையில் பதிவு செய்தால், ஆபத்து நேரத்தில் ஆள் அனுப்புவார்கள்.

---

கூடல்நகர் 67

கடைசியாக ஒன்று. சென்னையில் ஏற வைகை எக்ஸ்பிரஸ் போதுமா?

---

வைகைக்கரை

வேண்டாம். வைகை காலையில் கிளம்பினாலும் சென்னை சேரப் பிற்பகல் ஆகிவிடும். ஏறும் வாசலைக் கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள், ரயில் தாமதம் என்றால் காத்திருக்க மாட்டார்கள். முதல் நாள் இரவு பாண்டியனில் ஏறிக் காலையில் இறங்கி, ஒரு அறை எடுத்துக் குளித்துச் சாப்பிட்டு மதியம் துறைமுகம் போனால் சரியாக இருக்கும். பெரியவர்கள் என்றால் ஒரு நாள் முன்னாடியே போய்த் தங்குங்கள். கொச்சியில் ஏறுவதென்றால் குமுளி மலைப்பாதையில் வந்த களைப்போடும் குமட்டலோடும் நேராகக் கப்பல் ஏறாதீர்கள், அங்கேயும் ஒரு இரவு.

திரும்பும்போதும் ஒன்று கவனியுங்கள். கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், இரவோடு இரவாகக் கீழே எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் உடுத்த வேண்டிய உடை, செருப்பு, மருந்து, பல்செட் டப்பா, அடையாள அட்டை எல்லாம் கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பெட்டியை வெளியே தள்ளுங்கள்.